வேலை போனால் சிலை வரும்!

சிலை என்றால் நமக்கு ஒரே ஒரு போஸ்தான் தெரியும். நாற்சந்தி நடுவே ஒரு தலைவர். தலைக்கு மேலே காக்கா, காலுக்குக் கீழே டிராபிக் கான்ஸ்டபிள். தலைவர் எந்தப் பக்கம் கை நீட்டுகிறாரோ, அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்ட் என்று ஊருக்குப் புதுசாக வந்தவர்களுக்கு அடையாளம் சொல்வோம். பிறந்த நாளன்று ஏணி, மாலை, மைக் செட். மறுநாள் மறுபடி காக்கா!

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் நிற்கிற சிலைகளுக்கு இந்த மரியாதையெல்லாம் கிடையாது. மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுகிற கூலிகள், வட்டிக்குக் கொடுத்து வாங்கிய செட்டியார், துணியில்லாமல் தண்ணீரில் குதிக்கிற பொடியன்கள், குட்டிகளோடு ஒரு பூனை... இவர்கள்தான் அங்கே வெண்கலத்தில் இருக்கிறார்கள். பக்கத்தில் போய்த் தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆறு என்றால் ரொம்பக் கற்பனை செய்துவிடாதீர்கள். மொத்தமே சுமார் 3 கிலோமீட்டர்தான். காவிரியிடம் சொன்னால் 'இதுக்கா ஆறுன்னு பேரு?' என்று சிரிக்கும். ஆனால் அந்த 3 கிலோமீட்டரின் இரு கரையிலும் நடைபாதை, மரம், சிலை, ஓவியக்கூடம், தோட்டம் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஓர் ஞாயிற்றுக்கிழமை காலையில் மேல் முனையில் ஆரம்பித்து, ஆறு போகிற திசையிலேயே நடந்தேன்.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் மனசு தானாக நடுவே ஒரு கோடு போட்டு, இடது பக்கம் டெபிட், வலது பக்கம் கிரெடிட் என்று பிரித்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான் ஆயிற்று.

கிடங்குக்குள் காகிதம்

மேல் முனையில் இருக்கும் இடத்தின் பெயர் ராபர்ட்சன் கீ. 'கீ' என்றால் படகுத்துறை. ஒரு காலத்தில் வரிசையாகச் சரக்குக் கிடங்குகள் இருந்த கரை. 'கோடவுன்' என்று நாம் ஸ்டைலாகச் சொல்கிறோமே, அது நம் ஊர்க் 'கிடங்கு' கப்பலேறி, மலாய் மொழியில் கொஞ்ச நாள் தங்கி, இங்கிலீஷாகத் திரும்பி வந்த சொல் என்பார்கள் அகராதிக்காரர்கள்.

அப்படி ஒரு 19-ஆம் நூற்றாண்டுக் கிடங்கில்தான் இருக்கிறது எஸ்.டி.பி.ஐ. கென்னத் டைலர் என்ற அமெரிக்க அச்சுக்கலை நிபுணரின் துணையோடு 2002-ல் ஆரம்பித்த அச்சுக் கலைக்கூடம். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஓவியர்களை அழைத்துவந்து, சில வாரங்கள் தங்க வைத்து, 'உங்களுக்குத் தோன்றுவதைச் செய்யுங்கள்' என்று விட்டுவிடுகிறார்கள். கூடவே கை தேர்ந்த அச்சுக்காரர்கள் ஒரு குழுவாக நிற்கிறார்கள். சுற்றிக் காட்டும் கோஷ்டி ஒன்றில் நானும் ஒட்டிக்கொண்டேன்.

உள்ளே காகித ஆலையே வைத்திருக்கிறார்கள்! பருத்திக் கூழைத் தொட்டியில் கரைத்து, சல்லடைச் சட்டத்தால் அள்ளி, தண்ணீரை வடித்தால் காகிதம். காகிதத்துக்கே ஓவியர் நிறம் சொல்கிறார், கனம் சொல்கிறார். பிறகு அதில் அச்சு.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்கள் கணக்கு வைக்கும் முறை. ஒரு படத்தை 20 பிரதி போடுவதென்று தீர்மானித்தால், ஒவ்வொன்றின் அடியிலும் 1/20, 2/20 என்று பென்சிலால் எண் எழுதி ஓவியர் கையெழுத்துப் போடுகிறார். வவுச்சர் நம்பர் மாதிரி! பிரதிகள் போட்டு முடித்ததும் அச்சுத் தகட்டின் குறுக்கே கோடு கிழித்துக் கெடுத்துவிடுவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். செக்கை கேன்சல் செய்கிறோமே, அதே வேலை. கலைஞர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று இனிமேல் யாராவது சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

கொஞ்ச தூரத்தில் ஆல்காஃப் பாலம். தொங்காங் என்கிற சரக்குப் படகின் வடிவத்தில் கட்டிய நடைபாலம். 2004-ல் பசிதா அபாத் என்ற பிலிப்பைன்ஸ் ஓவியர் இந்தப் பாலத்தையே கான்வாஸாக எடுத்துக்கொண்டார். 55 வண்ணங்கள். 2,000-க்கும் மேலே வட்டங்கள். முந்தின வருஷம்தான் எஸ்.டி.பி.ஐ.யில் தங்கி வேலை செய்திருந்தார். பாலத்துக்கு வண்ணம் அடித்தபோது அவருக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. அதே வருஷம் டிசம்பரில் இறந்துபோனார். விஷயம் தெரியாமல் பார்த்தால் 'என்னப்பா, கல்யாண வீடு மாதிரி இவ்வளவு கலரு!' என்று தோன்றும். தெரிந்த பிறகு கொஞ்ச நேரம் பாலத்தை விட்டு நகர முடியவில்லை.

ஜாதிக்காயும் தண்டாயுதபாணியும்

இடது கரையோடு இன்னும் கீழே வந்தால் கிளார்க் கீ. அதன் பின்னால் ஒரு குன்று, ஃபோர்ட் கேனிங். 1822-ல் ராஃபிள்ஸ் இங்கே ஒரு தோட்டம் போட்டார். ரோஜாப் பூ பார்க்க அல்ல. ஜாதிக்காய், கிராம்பு இந்த மண்ணில் விளையுமா, விளைந்தால் லாபம் கிடைக்குமா என்று பார்க்க! ஏழே வருஷத்தில், 1829-ல், தோட்டத்தை மூடிவிட்டார்கள். அதை நினைவூட்டுகிற மாதிரி இன்று குன்றில் ஒரு மசாலாத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். இலையைக் கசக்கி மோந்து பார்த்தால் பிரியாணி வாசனை.

குன்றின் மறுபக்கம் டேங்க் ரோடு. அங்கே 1859-ல் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில். தைப்பூசத்துக்கு சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து காவடி புறப்பட்டு இங்கேதான் வந்து சேரும். உள்ளூர்த் தமிழர்களுக்கு இது 'செட்டியார் கோயில்'. இந்தச் செட்டியாரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றின் கீழ் முனையில் மறுபடி சந்திக்கப் போகிறோம்.

பத்து வருஷக் கெடு

இப்போது கரையில் நின்று தண்ணீரைப் பாருங்கள். பிளாஸ்டிக் கவர் இல்லை, நாற்றம் இல்லை. ஆனால் 1970-களில் இந்த ஆற்றின் பக்கம் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குடிசைகளின் சாக்கடை, பன்றிப் பண்ணைக் கழிவு, தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளின் மிச்சம், படகுகளின் எண்ணெய்... எல்லாம் இதற்குள்தான்.

1977-ல் பிரதமர் லீ குவான் யூ கெடு வைத்தார். பத்து வருஷத்தில் இந்த ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும்! 1987-ல் வேலை முடிந்தது. செலவு சுமார் 17 கோடி சிங்கப்பூர் டாலர். மக்களைக் குடி மாற்றிய செலவு இதில் சேராது.

கிரெடிட் பக்கம் சுத்தமான ஆறு. இதில் எந்தச் சந்தேகமும் இல்லை. 2008-ல் முகத்துவாரத்தின் குறுக்கே மரினா அணையைக் கட்டி, கடல் தண்ணீரை வெளியே நிறுத்திவிட்டார்கள். இன்று இந்த ஆறு வந்து சேர்வது ஒரு நன்னீர்த் தேக்கத்தில்.

டெபிட் பக்கம் என்ன? இரண்டு ஆற்றுப் படுகைகளையும் சேர்த்து 26,000 குடும்பங்களை அரசு அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றினார்கள். 610 பன்றிப் பண்ணைகளும் சுமார் 500 வாத்துப் பண்ணைகளும் போயின. ஏறக்குறைய 5,000 தெருவோர வியாபாரிகளைக் கூரை போட்ட உணவு மையங்களுக்குள் கொண்டுபோனார்கள். கடைசியாக 1983-ல், 800-க்கும் மேற்பட்ட சரக்குப் படகுகளை பாசிர் பாஞ்சாங் கடற்கரைக்கு அனுப்பினார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இரைச்சலாக இருந்த ஆறு கப்சிப்.

குடிசையிலிருந்து குழாய்த் தண்ணீர் வரும் வீட்டுக்குப் போனவர்கள் அழுதிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படகுக்காரர்? அவருக்குத் தெரிந்த ஒரே தொழில், ஒரே ஆறு. படகையாவது கடலுக்கு ஓட்டிக்கொண்டு போகலாம், ஆற்றங்கரை வாழ்க்கையை எதில் ஏற்றிக்கொண்டு போவது? இதற்கு லெட்ஜரில் எந்தத் தலைப்பும் இல்லை.

இதில் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த ஆற்றில் படகுத் தொழில் பெரும்பாலும் சோழமண்டலக் கரையிலிருந்து போன நம் ஆட்களின் கையில்தான் இருந்தது. தமிழ் முஸ்லிம்களுக்கு அங்கே 'சூலியா' என்று பெயர். பிற்பாடுதான் சீனர்கள் கைக்குப் போயிற்று. படகு போய்விட்டது, பெயர் மட்டும் 'சூலியா தெரு' என்று பலகையில் நிற்கிறது.

பேங்க்காரர் வாங்கிய பறவை

எல்ஜின் பாலத்தைத் தாண்டி வலது கரைக்கு வந்தால் போட் கீ. 1860-களில் ஊரின் கப்பல் வியாபாரத்தில் முக்கால் பங்கு நடந்த இடம். இன்று சாப்பாட்டுக் கடைகள். நண்டுப் படத்தைக் காட்டிக் கையைப் பிடித்து இழுக்காத குறை!

இங்கே உலகப் புகழ்பெற்ற சிலைகள் வரிசை கட்டுகின்றன. யு.ஓ.பி. வங்கியின் முன்னால் கொலம்பியாக்காரர் பொட்டேரோவின் 'பறவை', 1990. பொட்டேரோ எதைச் செய்தாலும் நாலு வேளை சாப்பிட்ட மாதிரி குண்டாகத்தான் செய்வார். இந்தப் பறவையும் அப்படியே. பறப்பதாவது, நகர்வதே சந்தேகம்! அதே வங்கிக் கட்டடத்தின் அடியில் ஸ்பெயின்காரர் டாலியின் 'நியூட்டனுக்கு மரியாதை'. மனுஷனின் நெஞ்சில் பெரிய ஓட்டை. கையிலிருந்து ஒரு உருண்டை தொங்குகிறது. விழுந்த ஆப்பிளாம்! கொஞ்சம் உள்ளே போனால், சூலியா தெருவில் ஓ.சி.பி.சி. வங்கி வாசலில், ஹென்றி மூரின் சாய்ந்து படுத்த உருவம். சுமார் 9 மீட்டர் நீளம். வங்கி வாசலில் இவ்வளவு நிம்மதியாகப் படுத்திருக்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கடன் எதுவும் இல்லை போலிருக்கிறது.

வங்கிகள் வாங்கிய சிலைகள் அழகு. ஆனால் பறவை எந்த ஊர் ஆற்றங்கரையிலும் உட்காரும். மூரின் சிலையை எந்த நகரத்தில் வைத்தாலும் படுத்திருக்கும். இந்த ஆற்றுக்கு மட்டுமே சொந்தமானவர்கள் இன்னும் நாலு எட்டு தள்ளி இருக்கிறார்கள்.

ஐந்து பொடியன்கள்

1869-ல் கட்டிய காவனா பாலம். மூன்று ஹண்ட்ரட்வெயிட்டுக்கு மேலான வண்டிகளும் மாடு, குதிரைகளும் வரக்கூடாது என்று பழைய அறிவிப்புப் பலகை இன்னும் தொங்குகிறது. மாடுகள் எழுத்துக் கூட்டிப் படித்துத் திரும்பிப் போயிருக்க வேண்டும்.

பாலத்தை ஒட்டி, ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் பக்கம், கரை விளிம்பில் ஐந்து வெண்கலப் பையன்கள். ஒருவன் காற்றில், ஒருவன் விளிம்பில், ஒருவன் இன்னும் யோசனையில்... சோங் ஃபா சியோங் என்ற சிங்கப்பூர்ச் சிற்பி 2000-ல் செய்தது. பெயர் 'முதல் தலைமுறை'. இந்த ஆற்றில் குதித்து விளையாடிய பையன்களுக்கு நினைவுச் சின்னம். இதை ஒட்டிய வருஷங்களில் 'ஆற்று மக்கள்' என்ற வரிசையில் உள்ளூர்ச் சிற்பிகள் செய்த சிலைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆவ் டீ ஹாங் செய்த 'ஆற்று வணிகர்கள்' சிலையில் ஜான்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து வியாபாரியும் சீன வியாபாரியும் மலாய்த் தலைவரும் பேரம் பேசுகிறார்கள். பக்கத்தில் ஒரு சீனக் கூலியும் இந்தியக் கூலியும் மூட்டை ஏற்றுகிறார்கள். பேரம் யாருடையதானாலும் மூட்டை நம்முடையது!

பொடியன்கள் பக்கத்தில் ஓர் இளைஞர் செல்போனை நீட்டி, "அண்ணே, ஒரு போட்டோ எடுக்குறீங்களா?" என்றார். புதுக்கோட்டைப் பக்கம். கட்டடத்தில் கம்பி கட்டுகிற வேலை. வாரத்தில் ஒரு நாள்தான் லீவாம்.

"எங்க ஊரு கம்மாயில நானும் இப்படித்தான் குதிப்பேன்ணே. இப்பவும் குதிக்கலாம்னு பாத்தா போர்டு வெச்சிருக்கான்."

நான் மூட்டைத் தூக்கிகளின் சிலையைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

"கம்பி கட்டுறவனுக்கு ஏதும் இருக்காண்ணே?"

இல்லை. கம்பி கட்டும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறதே! அப்போதுதான் இந்த ஆற்றங்கரையின் சட்டம் எனக்குப் பிடிபட்டது. படகு போன பிறகு படகுக்காரருக்குச் சிலை. மூட்டை போன பிறகு கூலிக்குச் சிலை. குதிக்கக்கூடாது என்று போர்டு வைத்த பிறகு குதிக்கிற பையன்களுக்குச் சிலை. உயிரோடு வேலை பார்க்கும்போது வழியை மறைக்கிறான் என்பார்கள், வேலை போனதும் வரலாறு என்பார்கள்.

செட்டியாரும் கோட்டு சூட்டும்

பாலத்தைத் தாண்டி மறுகரை. ராஃபிள்ஸ் கை கட்டி நிற்கிறார். 1887-ல் தாமஸ் வுல்னர் செய்த வெண்கலச் சிலை விக்டோரியா அரங்கத்தின் முன்னால். அதைப் பார்த்து 1972-ல் செய்த வெள்ளைச் சிலை ஆற்றோரத்தில். 2019 ஜனவரியில் இந்த வெள்ளை ராஃபிள்ஸ் பக்கத்தில் இன்னும் நாலு பேரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதில் ஒருவர் நாராயண பிள்ளை. 1819-ல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு வந்தவர். ஊரின் முதல் செங்கல் சூளையைப் போட்டவர், 1827-ல் மாரியம்மன் கோயிலை நிறுவியவர். கட்டட வேலையில் முதல் தமிழன்! அவர் சிலையாக நிற்பதற்கு 200 வருஷம் பிடித்தது. கம்பி கட்டும் தம்பி காத்திருக்க வேண்டியதுதான்.

ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தின் வெளியே நம் செட்டியார். சிலையின் பெயர் 'செட்டியார்கள் முதல் நிதியாளர்கள் வரை', சிற்பி செர்ன் லியன் ஷான். ஒரு பக்கம் அந்தக்காலச் செட்டியார், அவரோடு இந்தக்கால நிதித்துறை ஆசாமிகள். செட்டிநாட்டிலிருந்து 'கொண்டுவிக்க' வந்தவர்கள் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் தங்கி, அங்கேயே கடை வைத்தார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர வேண்டும். கணக்குக்கு மூன்று வருஷம். பாய், பெட்டி, பேரேடு. இவ்வளவுதான் ஆபீஸ் பர்னிச்சர். பெரிய பேங்குகள் திரும்பிப் பார்க்காத சின்ன வியாபாரிக்குக் கடன் கொடுத்தது இந்தப் பெட்டிதான். இன்று மார்க்கெட் தெருவில் கிட்டங்கி கிடையாது.

அங்கே என்னைச் சந்திக்க என் சித்தி பையன் வந்தான். ராஃபிள்ஸ் பிளேஸில் ஒரு பேங்க்கில் வேலை. ஆறு வருஷமாகத் தினமும் இந்தப் பக்கம் போகிறான்.

"இது யாருடா தெரியுமா?"

"ஏதோ பழைய காலத்து இந்தியன்ணா. நான் போன் பாத்துக்கிட்டே போயிடுவேன்."

"உனக்கு முன்னாடி உன் சீட்டுல உக்காந்திருந்தவர்!"

சிரித்தான். பிறகு கோட்டு சூட்டுச் சிலையைப் பார்த்துக் கொஞ்சம் சிரிப்பை நிறுத்தினான். "எங்க டிபார்ட்மெண்ட்ல பாதி வேலையை இப்ப ஏ.ஐ. பண்ணுதுண்ணா" என்றான்.

அருங்காட்சியகத்தைப் பற்றி ஒரு சேதி. 2007-ல் இவர்கள் நியூயார்க் வியாபாரி ஒருவரிடம் 6,50,000 அமெரிக்க டாலர் கொடுத்து ஒரு சோழர் காலத்து உமா பரமேஸ்வரியை வாங்கினார்கள். அரியலூர் மாவட்டத்துச் சிவன் கோயிலிலிருந்து திருட்டுப்போன அம்மன் என்று தெரிந்தபின், 2015-ல் இந்தியாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அக்கவுண்ட்ஸில் இதை 'ரிவர்ஸல் என்ட்ரி' என்போம். ஆற்றங்கரைக் கணக்கில் இப்படித் திருப்பிப் போட முடிந்த ஒரே வரி இதுதான். படகுகளுக்கு ரிவர்ஸல் கிடையாது.

மெர்லயன், தோட்டம், மிதக்கும் குழந்தை

ஜூபிலி பாலத்தில் ஏறி இறங்கினால் மெர்லயன். சிங்கத் தலை, மீன் உடம்பு. லிம் நாங் செங் செய்த சிமெண்ட் சிலை, 8.6 மீட்டர் உயரம், 70 டன். 1972-ல் திறந்தார்கள். நடுவில் புதுப் பாலம் ஒன்று வந்து முகத்தை மறைத்ததால், 2002-ல் இந்த 70 டன்னையும் அப்படியே பெயர்த்து இங்கே நகர்த்தினார்கள். சிங்கத்துக்கே டிரான்ஸ்ஃபர் என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்!

வளைகுடாவைச் சுற்றிப் போனால் 2012-ல் திறந்த 'கார்டன்ஸ் பை த பே'. 25 முதல் 50 மீட்டர் வரை உயரமான இரும்பு மரங்கள், அவற்றின் மேல் நிஜச் செடிகள். புல்வெளியில் மார்க் க்வின் செய்த 'கிரகம்'. தூங்கும் கைக்குழந்தை, அவருடைய மகன்தான் மாடல். ஏறக்குறைய 10 மீட்டர் நீளம், 7 டன் வெண்கலம். ஆனால் ஒரே ஒரு கைதான் தரையைத் தொடுகிறது; மற்றபடி அந்தரத்தில் மிதக்கிறது. அத்தனை பாரமும் அந்தச் சின்னக் கைக்குள் போய், மண்ணுக்குள்ளே மறைந்துவிடுகிறது.

புல்வெளியில் என்னைப் போலவே ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் நிறையப் பேர். தமிழும் வங்காளமும் காதில் விழுந்தன. பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டு, வீட்டுக்கு வீடியோவில் குழந்தையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் தெரிகிற கோபுரங்களில் எத்தனை கம்பி இவர்கள் கட்டியதோ!

அடுத்த முறை சிங்கப்பூர் போனால், ஷாப்பிங் பையைக் கொஞ்சம் ஓட்டலில் வைத்துவிட்டு இந்த ஆற்றங்கரையில் நடந்து பாருங்கள். டிக்கெட் கிடையாது. செட்டியார் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே இன்னொன்றும் செய்யுங்கள். வேலைக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற யாராவது ஒரு கம்பி கட்டும் தம்பியிடம் ஊர் எது, சாப்பிட்டாச்சா என்று கேளுங்கள். சிலை வைக்கிற வரைக்கும் காத்திருக்காமல் உயிரோடு இருக்கும்போதே ஒருத்தரைப் பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

அப்புறம், ஆபீஸ் நண்பர்களே! உங்கள் ஊர் நாற்சந்தியில், கழுத்தில் ஐ.டி. கார்டு மாட்டி, கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு வெண்கலச் சிலையைத் திறக்கப் போவதாக அழைப்பிதழ் வந்தால் சந்தோஷப்பட்டுக் கை தட்டிவிடாதீர்கள். முதலில் பி.எஃப். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்!